யாரும் உள்ளே வரவில்லை

எனக்கு உத்தியோகம் கிடைத்த முதல் நாளே நான் மறிக்க வேண்டியிருந்த ஆள் என் அண்ணி ஜூலெய்தே.

உத்தியோகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மரத்துக்கு மரம் சுற்றிக் கட்டிய மஞ்சள் கயிற்றுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நெஞ்சில் குருவிப் படம் போட்ட பச்சைச் சட்டை இரண்டு. ஒரு நோட்டு, ஒரு பேனா. கயிற்றைத் தாண்டி யாரும் போகக் கூடாது. போனால் பெயரும் நேரமும் எழுத வேண்டும். குஞ்சு பறக்கிற வரைக்கும் இதுதான் வேலை. கரும்பு ஆலையை மூடிய பிறகு இரண்டு வருஷம் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். சட்டையைக் கொடுத்ததும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அண்ணி தலையில் துணி மூட்டையோடு வந்து நின்றாள். கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"என்னடா எவிலாசியோ, எனக்கே வேலியா?"

"கயிறுதான் அண்ணி. வேலி இல்ல."

"கழுத்துல போட்டு இறுக்குறதும் கயிறுதான். தள்ளு."

"டாக்டரம்மா யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அந்த டாக்டரம்மாவ இங்க கூட்டிட்டு வந்து காட்டுனதே நான்தான்டா!"

அது உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அண்ணியைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் என் அண்ணன் வால்டோமிரோவைக் கட்டிக்கொண்டு இந்தப் பாபாசு மேட்டுக்கு வந்தாள். நான்கு வருஷம் கழித்து அண்ணன் கட்டட வேலைக்கென்று சாவோ பாலோவுக்கு பஸ் ஏறினான். முதல் வருஷம் கடிதம் வந்தது. இரண்டாம் வருஷம் ஒரு போட்டோ வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அண்ணி அழுதாளோ என்னவோ, நான் பார்க்கவில்லை. ஆராரிப்பே மலைச்சரிவில் ஊற்று வாய்க்கால் ஓரமாக ஒரு பட்டைக் கல் கிடந்தது. அதில் துவைக்க உட்கார்ந்தவள் இருபத்தேழு வருஷமாக அங்கேயேதான் இருந்தாள். கீழே டவுனில் இருக்கிற தங்கும் விடுதியின் படுக்கை விரிப்பு, கோயில் பீடத்துத் துணி, எங்கள் கால்பந்துப் பையன்களின் சேறு பிடித்த பனியன் எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். நீலம் போட்டு அலசி, புல்லில் விரித்துக் காயவைத்தால் கண் கூசும். அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்தாள்.

எங்கள் பக்கம் ஊற்றுத் தண்ணீரை ஓட்டுக் கணக்கில் பேசுவோம். கூரை ஓடு ஒன்றை மல்லாத்தி வைத்தால் அதில் எவ்வளவு ஓடுமோ அது ஓர் ஓட்டுத் தண்ணீர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊற்றைக் குழாயில் அடைத்தபோது பாதி வீடுகளுக்குப் போனது, பாதி கீழே இருக்கிற குளியல் கிளப்புக்குப் போனது. வாய்க்காலை மூடப் போகிறோம் என்றார்கள். அண்ணி வாய்க்காலுக்கு நடுவில் நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்தாள். சோற்றையும் பயறையும் நான்தான் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், சனியன் தொலையட்டும் என்று ஓர் ஓட்டுத் தண்ணீரைப் பழைய மண்வாய்க்காலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

விட்டார்களே தவிர, அது தானாக ஓடாது. கல்லுக்கு இருபது அடி மேலே தலைமடை இருக்கிறது. வாய்க்காலும் கிளப் தொட்டிக்குப் போகிற பள்ளமும் பிரிகிற இடம் அதுதான். அங்கே மரத்து இலையும் மணலும் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும். அடைத்தால் தண்ணீர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் விடிந்ததும் அண்ணி மண்வெட்டியோடு போய் இலையை அள்ளுவாள். மணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, கரையை ஈரக் களிமண்ணால் தடவிவிட்டு, அப்புறம்தான் துவைக்க உட்காருவாள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது என்பதாலேயே யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

குருவிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் அதற்குக் காட்டுச் சலவைக்காரி என்று பெயர். தண்ணீர் ஓடுகிற இடத்தைவிட்டு அது நகராது. ஆண் வெள்ளையாக இருக்கும், இறக்கையும் வாலும் கறுப்பு, நெற்றியிலிருந்து முதுகுவரை சிவப்புத் துண்டு போட்டது மாதிரி. பொட்டை பச்சை நிறம், இலைக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாமே பொட்டைதான். ஆண் கிளைக்குக் கிளை தாவிப் பாடிக்கொண்டிருக்கும். "உங்க அண்ணனுக்கு மட்டும் சிவப்புத் தொப்பி இல்ல, மத்தபடி இதேதான்" என்பாள் அண்ணி.

ஊற்றைக் குழாயில் அடைத்த பிறகு சரிவில் சின்னச் சின்ன ஓடைகள் ஒவ்வொன்றாக வற்றின. குருவிகளும் குறைந்தன. போன ஜனவரியில் ஒரு பொட்டை வந்து, அண்ணியின் கல்லுக்கு நேர் மேலே, வாய்க்காலுக்குள் தாழ்ந்திருந்த கிளைக்கவட்டில் உள்ளங்கை அளவில் கூடு தொங்கவிட்டது. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. குருவிகளைக் காக்கிற சங்கத்திலிருந்து, குருவி ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய லீஜியா டாக்டரம்மா வாராவாரம் சரிவெல்லாம் ஏறி இறங்கிக் கூடு தேடிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். அண்ணி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்க டாக்டரம்மா. என்கிட்ட ஒருத்தி வாடகைக்கு வந்திருக்கா, வந்து பாருங்க."

டாக்டரம்மா வந்தார். கூட்டில் இரண்டு முட்டையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொசுக்கடியில் இரவெல்லாம் படுத்துக் கிடப்பார், அட்டைகளை அலட்டிக்கொள்ளாமல் பிய்த்துப் போடுவார். அண்ணியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் கயிறு வந்தது. நாற்பது அடிக்குக் கட்டிய கயிற்றுக்குள் கூடு இருந்தது, கல் இருந்தது, தலைமடையும் இருந்தது.

அண்ணி முதலில் சண்டைக்குப் போகவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். துவைக்கிறதை விட்டுவிடுகிறேன் என்றுதான் சொன்னாள். என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து டவுனுக்கு வந்தாள். சங்கத்து அறையில் காப்பி கொடுத்தார்கள். சுவரெல்லாம் அந்தக் குருவிதான்.

"சோப்புத் தண்ணி குருவிக்கு ஆகாதுன்னா சரி, நான் துவைக்கல. குஞ்சு பறக்குற வரைக்கும் வீட்டுலயே தண்ணி சுமந்து துவைச்சுக்கிறேன். ஆனா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மடையில இலை அள்ளணும் டாக்டரம்மா. கால் மணி நேரம். அள்ளலன்னா வாய்க்கால்ல தண்ணி நின்னுடும்."

டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். "ஜூலெய்தே அக்கா, ஓடை தன்ன தானே பாத்துக்கும். நாமதான் உள்ள போய்ப் போய் அதைக் கெடுத்து வெச்சிருக்கோம்."

"அது ஓடை இல்லம்மா. வாய்க்கால். வெட்டுனதே என் மாமனாரு."

"இன்னிக்கு மண்வெட்டியோட போவீங்க. நாளைக்கு ஒரு பனியன் கொண்டு போவீங்க. அடுத்த வாரம் மூட்டையே போகும். நீங்க துவைக்க ஆசப்பட்டுத்தான் இதச் சொல்றீங்கன்னு எனக்குப் புரியுது."

அண்ணி காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைத்தாள். வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"ஆமாம்மா. துவைக்க ஆசப்படுறேன்தான். அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா?"

டாக்டரம்மா காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வண்டியில் திரும்பி வரும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். டாக்டரம்மாவை, கிளப்பை, என் அண்ணனை, பாதி வழியில் என் சட்டையை.

ஆறாம் நாள் பெரிய மழை. விடிந்து பார்த்தால் தலைமடை முழுக்க இலை. தண்ணீர் பள்ளத்துப் பக்கம் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலில் விரல் தண்டி ஒழுகல்தான் மிச்சம். நான் டாக்டரம்மாவுக்குப் போனில் செய்தி அனுப்பினேன்: 'தண்ணீர் குறைந்துவிட்டது.' அவர் மாநிலத் தலைநகர் ஃபோர்ட்டலேசாவில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். பதில் வந்தது: 'இயற்கைதான். கவலை வேண்டாம். யாரையும் உள்ளே விடாதீர்கள்.' கூடவே ஒரு கைகூப்பிய பொம்மை.

அண்ணியிடம் காட்டினேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "நிக்கட்டும். ஒரு சொட்டு இல்லாம நிக்கட்டும். அந்தம்மா திங்கக்கிழமை வந்து பாக்கட்டும். அப்பத் தெரியும், ஓடை தன்ன தானே பாத்துக்குதா, இந்தச் சிறுக்கி பாத்துக்கிட்டாளான்னு."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. திங்கட்கிழமை வரை மூன்று நாள். மூன்று நாள் சும்மா இருந்தால் போதும், அண்ணிக்கு அவள் கல் திரும்பக் கிடைத்துவிடும். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

முதல் நாள் அண்ணி கயிற்றுப் பக்கம் வரவே இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் பெக்கிக்காய் போட்ட சோறு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கொட்டைக்குள் இருக்கிற முள் குத்தாமல் நான் அந்தக் காயைச் சுரண்டித் தின்கிற வரைக்கும் கயிற்றோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்காலில் இப்போது குட்டை குட்டையாகச் சேறு மட்டும்தான். பொட்டை கூட்டைவிட்டு இறங்கிவரும், கீழே பார்க்கும், மறுபடி ஏறும்.

"முன்னெல்லாம் இவ்வளவு நேரம் எழுந்து போக மாட்டா" என்றாள் அண்ணி.

"நாளைக் கழிச்சு திங்கக்கிழமை அண்ணி."

"எனக்கு நாள் எண்ணத் தெரியும்டா."

மூன்றாம் நாள் காலையில் நான் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வற்றிப்போன வாய்க்காலுக்குள் ஒரு பாம்பு மெல்லக் கிடந்து நகர்ந்தது. தண்ணீர் ஓடுகிற நாளில் அந்தப் பக்கம் அது தலைகாட்டாது. கூடு இருந்த கிளைக்கு நேர் கீழே வந்து தலையைத் தூக்கியது. நான் கல்லெறிந்தேன். போய்விட்டது. போனது திரும்பி வராது என்று யார் சொல்வது?

எனக்குப் பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். தோளில் மண்வெட்டி.

"அண்ணி, ஒரே நாள். நாளைக்கு அந்தம்மா வந்துடுவாங்க."

"இவளுக்கு இன்னைக்கே முடிஞ்சிடும்டா."

"சரி, நானே போய் அள்ளுறேன். கொடுங்க."

"நீயா? நீ போனா கரையையே உடைச்சிட்டு வந்து நிப்ப. நகரு."

"உள்ள போறதப் பாத்தா நான் எழுதியாகணும்."

"அப்பப் பாக்காத."

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மலை உச்சியைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் மண்வெட்டி ஈர இலையில் இறங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் கையால் களிமண்ணை அடித்துத் தடவுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. அண்ணி என்னைத் தாண்டிப் போகும்போது முழங்கால் வரை சேறு. முகத்தில் சந்தோஷமே இல்லை. கையில் கிடைத்ததைத் தானே தூக்கி எறிந்துவிட்டு வருகிறவள் முகம் அது.

நோட்டை எடுத்தேன். 'ஜூலெய்தே, காலை ஆறு மணி' என்று எழுதினால் அபராதம் வரும், அண்ணியால் கட்ட முடியாது. 'யாரும் உள்ளே வரவில்லை' என்று எழுதினேன். அண்ணிக்கு ஒரு நல்லது செய்கிறேன் என்று உண்மையிலேயே நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டாக்டரம்மா வந்து, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தரம் அண்ணி வருவாள், நான் மலை உச்சியைப் பார்ப்பேன், அதையே எழுதுவேன். பகலெல்லாம் அவள் வீட்டுக் குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துப் பிடித்துத் துவைத்தாள். விரிப்புகள் வெளுக்கவில்லை. விடுதிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெஷின் வாங்கிவிட்டார்கள். கோயில் துணி மட்டும் மிச்சம்.

முப்பத்து மூன்றாம் நாள் இரண்டு குஞ்சும் பறந்தன. அண்ணியும் நானும் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தோம். "போங்கடி, வாடகை பாக்கிய வெச்சிட்டுப் போங்க" என்று கையசைத்தாள். அன்றைக்கு ஒரு நாள் சிரித்தாள்.

அந்த வாரமே டாக்டரம்மா வந்தார். கூட ஃபோர்ட்டலேசாவிலிருந்து இரண்டு பேர், பெரிய கேமராவோடு. தண்ணீரைப் படம் எடுத்தார்கள், கூட்டைப் படம் எடுத்தார்கள், என்னை நோட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அண்ணி கல்லை எப்போது திருப்பிக் கொடுப்பார்கள் என்று கேட்பதற்காக மூட்டையோடு வந்து நின்றிருந்தாள். டாக்டரம்மா நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகச் சத்தமாகப் படித்தார். யாரும் உள்ளே வரவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. கட்டைவிரலை வைத்துத் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"பாத்தீங்களா?" என்றார் வந்தவர்களிடம். "நடுவுல தண்ணி கொறஞ்சது. எல்லாரும் பயந்தாங்க. மனுஷங்க விலகி இருந்ததும் ஓடை தானாவே சரியாயிடுச்சு. முப்பத்து மூணு நாள், ஒரு ஆள் காலடி படல."

அண்ணி என்னைப் பார்த்தாள். என் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

"டாக்டரம்மா, அது அப்படி இல்ல. அண்ணிதான் உள்ள போய் மடைய அள்ளுனாங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ. நான்தான் எழுதாம விட்டேன்."

டாக்டரம்மா என் தோளில் கை வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எவிலாசியோ, அண்ணி மேல உங்களுக்கு இருக்குற பாசம் எனக்குப் புரியுது. ஆனா உங்க கைப்பட எழுதுனத நீங்களே பொய்ங்கிறீங்களா?"

"பொய்தாம்மா."

"முப்பத்து மூணு நாளும் எழுதுனது பொய், இன்னைக்கு அவங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டுச் சொல்றது மட்டும் நிஜமா?"

கேமராக்காரர் சிரித்தார். அண்ணி மூட்டையைத் தலையில் ஏற்றினாள்.

"விடுடா, வா" என்றாள். "மடைய நான் கொஞ்சம் மோசமா வெட்டியிருக்கணும். நல்லா வெட்டுனதுதான் தப்பு."

மே மாதம் இரும்புக் கம்பி வேலி வந்தது. வருஷம் முழுக்க யாரும் போகக் கூடாது. பெரிய பூட்டு, சாவி என்னிடம். வாசலில் குருவிப் படம் போட்ட பலகை. அதில் குருவிக்குச் சலவைக்காரி இல்லை, குட்டிச் சிப்பாய் என்று வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். கீழே நன்றி சொன்ன வரிசையில் குளியல் கிளப்பின் பெயர் இருக்கிறது, வேலிக்குக் கம்பி வாங்கிக் கொடுத்தார்களாம்.

அண்ணி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் விடியற்காலை வீட்டுக் கதவைத் தட்டினாள். "சாவிய எடுத்துட்டு வா. தண்ணி பள்ளத்துப் பக்கம் போற சத்தம் என் வீடு வரைக்கும் கேக்குது." திறந்துவிட்டேன். அன்றிலிருந்து திறந்துவிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உள்ளே போவாள், இலை அள்ளுவாள், கரையைத் தடவுவாள், வெளியே வருவாள். திரும்பும்போது அந்தக் கல்லை ஒட்டித்தான் வர வேண்டும். கல்லில் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது. ஒரு நாளும் அதில் கை வைக்க மாட்டாள். நான் ஒருமுறை, "ரெண்டு துணி அலசிக்கோங்க அண்ணி, யாரு பாக்கப் போறா?" என்றேன். "அப்ப, மண்வெட்டிக்குப் பின்னால பனியன் வரும்னு அந்தம்மா சொன்னது நிஜமாயிடும்ல?" என்றாள்.

இந்த ஜனவரியும் பொட்டை வந்து அதே கவட்டில் கூடு கட்டியிருக்கிறது. நான் இந்த வருஷம் ஒரு வரி பொய் எழுதவில்லை. தேதி, நேரம், 'ஜூலெய்தே உள்ளே வந்தார், மடையில் இலை அள்ளினார், தண்ணீர் ஓடுகிறது.' எத்தனை கூடை இலை என்றுகூட எழுதியிருக்கிறேன். அபராதம் போட்டால் போடட்டும், படித்தால் போதும். நோட்டு முக்கால்வாசி நிறைந்ததும் போன வாரம் சங்கத்துக்கு நானே போன் போட்டேன், எப்போது வந்து வாங்கிக்கொள்கிறீர்கள் என்று.

எடுத்தது யாரோ புதுப் பையன். யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னான்: "அந்த நோட்டெல்லாம் இப்ப வேண்டாங்கண்ணே. அதான் வேலி போட்டாச்சே."

இன்னும் பதினொரு பக்கம் மிச்சம் இருக்கிறது. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.